கதையில் வரும் தாய்மாமன் தாங்கள் அல்ல

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
வைகாசி, வெள்ளிக்கிழமை காலை.

பொருள்: சிறுகதை – ஒலிப்பதிவு – தாய்மாமன் – மறுப்பு – தொடர்பாக.
பார்வை: சென்ற ஞாயிறு தாங்கள் தொலைபேசியில் திட்டியது.

பெருமதிப்பிற்குரிய மச்சான் இராமதாஸ் அவர்களின் சமுகத்துக்கு,

தங்கள் தங்கை சாந்தியின் கணவனும், கொம்யூன் பஞ்சாயத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய சுப்பராயன் கைகூப்பி எழுதுவது. நானும் சாந்தியும் மகள் வினோதாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பிள்ளைச்சாவடியில் தாங்களும் சுலோசனா அக்காவும் மகன் சிலம்பரசனும் அப்படியே இருக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு இறங்கும் அன்று வலை கொள்ளாமல் மீன் ஏற வேண்டும் என்று தங்கள் தங்கை தினமும் விளக்கேற்றும்போது சொல்கிறாள், நானும் பக்கத்தில் நின்று ஆமோதிக்கிறேன்.

பார்வையில் கண்ட அழைப்பில் தாங்கள், “ஏன் மாப்ளே, ஒளிஞ்சிருந்து பாத்தியா? ஊரே சிரிக்குது. கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன், எதிர்பாக்காதீங்க” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் லைன் கட். அதன்பிறகு நான் செய்த அழைப்பு எதுவும் தங்களைச் சேரவில்லை. டவர் பிரச்சினை என்றுதான் முதலில் நினைத்தேன். வினோதா என் போனை வாங்கிப் பார்த்து, மாமா உங்களை பிளாக் பண்ணிவிட்டார் என்றாள். தபாலை யாரும் பிளாக் பண்ண முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கும்படியான தபாலில் அனுப்புகிறேன், தபால்காரர் மேல் கோபத்தைக் காட்டாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளவும்.

வினோதாவின் கல்யாணம் ஆனி மாதம் என்பது தங்களுக்குத் தெரியும். முதல் நாள் வீட்டில் மாமன் நலங்கு வைக்க வேண்டும், மறுநாள் மண்டபத்தில் மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும். மாமா வராமல் மணையில் உட்கார மாட்டேன் என்று வினோதா சொல்லிவிட்டாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் கோபம் ஆறிவிடும் என்று விட்டிருப்பேன். அவள் துணி மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள், அதுதான் பயமாக இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் கடலூரிலிருந்து போன் பண்ணி, தாய்மாமன் எப்போது வருகிறார், அவருக்கு அறை போட வேண்டுமா என்று கேட்கிறார்கள். பரிசீலனையில் உள்ளது என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாளைக்குப் பரிசீலிக்க முடியும், மச்சான்?

ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் சிறுகதை எழுதுகிறேன், தாங்கள் அறிவீர்கள், ஒரு தடவை பொங்கலுக்கு வந்த சிலம்பரசன் கையில் ஒரு கதையைக் கொடுத்தனுப்பினேன், அந்தத் தாளில் அவன் மிக்சர் கட்டி எடுத்து வந்ததாக சுலோசனா அக்கா பிற்பாடு சொன்னார்கள், அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. பத்திரிகைகளுக்கு அனுப்பினேன், கிணற்றில் போட்ட கல்தான். பென்ஷன்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், போட்ட மறுநொடியே கட்டைவிரல் வந்துவிடும், எட்டுப் பக்கக் கதையை அதற்குள் எந்த மனுஷன் படித்திருப்பான்? அப்போதுதான் வினோதா ஒரு யோசனை சொன்னாள். உங்கள் கதையை யாரும் படிக்க மாட்டார்கள் அப்பா, ஆனால் கேட்பார்கள். பஸ்ஸில் போகிறவர்கள், அடுப்படியில் நிற்கிறவர்கள், தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் கண்ணும் கையும்தான் வேலையாக இருக்கிறது, காது சும்மாதானே இருக்கிறது என்றாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் ஊசி குத்தும்போது காதில் ஏதாவது மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் அழுவதில்லையாம், அதை வைத்துச் சொன்னாள். எனக்கும் நியாயமாகப் பட்டது.

முதல் கதையை நானே படித்துப் போனில் பதிவு செய்தேன், வினோதா அதை இணையத்தில் ஏற்றினாள். இருபது வருஷம் கொம்யூன் கூட்டத்தில் தீர்மானங்களைப் படித்த குரல், தடுக்காமல் போனது. காதலி கடிதத்தைக் கிழித்துக் கடலில் போடும் இடத்தையும் அதே குரலில்தான் படித்தேன் போலிருக்கிறது, கேட்ட ஒருவர், டெண்டருக்குக் கடைசித் தேதி எப்போது என்று எழுதியிருந்தார். இன்னொருவர் நடுவில் தூங்கிவிட்டதாகவும், தூக்கமின்மைக்கு வேறு கதைகள் இருந்தால் அனுப்பும்படியும் கேட்டிருந்தார். வினோதா என்னை மாற்றிவிட்டு சாந்தியை உட்கார வைத்தாள்.

சாந்திக்கு முதலில் இஷ்டமில்லை. “நீங்க எழுதினத அப்பிடியே படிச்சா நாக்கு சுளுக்கிக்குது, கொஞ்சம் வாய்க்கு வர்ற மாதிரி சொல்லிக்கிறேன்” என்றாள். சிறு திருத்தங்களுக்கு ஒப்புதல் அளித்தேன். பின்கட்டு அறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வெளிச்சத்தம் வராமலிருக்கத் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு போனிடம் பேசுவாள். ஃபேன் இல்லாவிட்டால் நான் உஸ் உஸ் என்று மூச்சு விடுகிறேன், அது பதிவாகிறது என்று என்னை வீட்டை விட்டே வெளியே அனுப்பிவிடுவார்கள். நான் தெருமுனையில் எழிலரசன் டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். இந்த டீக்கடை பின்னால் வருகிறது, கவனத்தில் கொள்ளவும்.

சாந்தி படித்த முதல் கதையில் கதாநாயகன் கப்பல் ஏறும் இடத்தில் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்துவிட்டது. நான் பதறிப்போனேன். கேட்டவர்கள், கப்பல் சங்கு தத்ரூபமாக இருக்கிறது, எங்கே பிடித்தீர்கள் என்று பாராட்டியிருந்தார்கள். இரண்டாவது கதையில் மரணப்படுக்கையில் இருக்கும் முதலாளி வாய் திறக்கும் நேரத்தில் வாசலில் மீன்கார அம்மா “வஞ்சிரம், வவ்வாலு” என்று கூவிக்கொண்டு போனது விழுந்துவிட்டது. அந்த முதலாளியின் கடைசி ஆசை நெஞ்சைத் தொட்டது என்று காரைக்காலிலிருந்து ஒரு ஆசிரியர் எழுதினார். லாஸ்பேட்டையில் ஒரு தையல் கூடத்தில் மத்தியான நேரத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி போடுகிறார்களாம். பாரீசிலிருந்து ஒரு மதாம், முப்பது வருஷமாக யாரும் எனக்குத் தமிழில் கதை சொல்லவில்லை, பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்கிறேன், மெர்ஸி என்று குரல் செய்தி அனுப்பியிருந்தார். நான் எழுதிய கதையைக் கேட்டு ஒரு ஆத்மா நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை மச்சான், அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மூன்றாவது கதைதான் தாங்கள் கேட்டது. என் பிரதியில் அதன் பெயர் ‘கரை திரும்பாத கலம்’. பொருள் என்னவென்றால், கப்பல் தலைவன் ஒருவன் தூரதேசம் போகிறான், அவன் தங்கை கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்று காத்திருக்கிறாள், அவன் திரும்பவில்லை. இதில் பிள்ளைச்சாவடி எங்கே வருகிறது, சொல்லுங்கள்? சாந்தி பதிவு செய்து கொடுத்தாள். வெளியிடுவதற்கு முன் நான் சரிபார்த்தேன். எப்படிச் சரிபார்த்தேன் என்பதைத்தான் தாங்கள் பெரிய மனதோடு கேட்க வேண்டும். அலுவலகத்தில் ஒரு கோப்பு வந்தால் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம், நடுவில் இருப்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு. அப்படியே தொடக்கம் கேட்டேன், கடல் இருந்தது. முடிவு கேட்டேன், “அவன் வரவேயில்லை” என்று இருந்தது. சரி, அனுப்பலாம் என்றேன்.

நடுவில் கடலே இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு நடந்ததை சிலம்பரசன் எனக்கு போனில் சொன்னான், அவனைத் திட்ட வேண்டாம், நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். தடைக்காலமாதலால் எல்லோரும் வலைக்கூடத்தில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தீர்களாம். யாரோ ஒரு பையன் ஸ்பீக்கரில் கதையைப் போட்டிருக்கிறான். கதையில் ஒரு தாய்மாமன் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, டிவிஎஸ் வண்டியில் மீன்பெட்டியைக் கழுவிக் கட்டி, அதற்குள் மஞ்சள் துணி சுற்றிய சீர்த்தட்டை வைத்து எடுத்துக்கொண்டு, அக்கா மகளா தங்கச்சி மகளா, ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டுக்கு வருகிறான். தெருமுனை டீக்கடையில் வண்டியை நிறுத்துகிறான். எதிரே விழா பேனர். அதை அண்ணாந்து பார்க்கிறான். தலையில் கட்டிய துண்டை அவிழ்க்கிறான், உதறுகிறான், மறுபடி கட்டுகிறான். மறுபடி அவிழ்க்கிறான். தட்டை டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறான். இந்த இடம் வரும்போது வலைக்கூடத்தில் எல்லோரும் கை வேலையை நிறுத்திவிட்டுத் தங்களைத் திரும்பிப் பார்த்ததாகவும், சரியாக அந்த நேரத்தில் தாங்கள் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்ததாகவும் சிலம்பரசன் சொன்னான். பெரியவர் பாவாடை, “ராமதாசு, அது நீயாடா?” என்று கேட்டாராம். தாங்கள் நல்ல வலையைக் கத்தியால் அறுத்துவிட்டு எழுந்து போனீர்களாம்.

மச்சான், என் எழுத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், என் பிரதியில் டிவிஎஸ் இல்லை, துண்டு இல்லை, டீக்கடை இல்லை. கலங்கரை விளக்கம்தான் இருக்கிறது. பிரதியின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். பச்சை மையில் சான்றொப்பம் வாங்கியிருக்கிறேன், கையெழுத்திட்டவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்றாலும் பேனா அவருடையதுதான். அப்படியானால் டீக்கடை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். இப்போதெல்லாம் போனே சொற்களைத் திருத்துகிறது. நான் ‘ஐயா’ என்று அடித்தால் அது வேறென்னவோ போட்டு அனுப்பி, ஒரு தடவை இயக்குநரிடம் மன்னிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்படிக் கலங்கரை விளக்கத்தை டீக்கடையாகத் திருத்தியிருக்கலாம். சாந்தியிடம் கேட்டேன், “இருக்கும்” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

பேனர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையில் அந்தப் பேனரைப் பற்றி மிகவும் தரக்குறைவாக இருக்கிறது. வினோதா ஒன்பதாவது படிக்கும்போது அவள் சடங்குக்கு நான் வைத்த பேனரில் தங்கள் படம் கடைசி வரிசையில், சமையல் காண்டிராக்டருக்குப் பக்கத்தில், கண் மூடியபடி இருந்தது உண்மை. அதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. பணிமூப்புப் பட்டியல்படி போட்டேன். ஆணையர் மேலே, அதற்குக் கீழே பொறியாளர், அதற்குக் கீழே கண்காணிப்பாளர்கள், பிறகு அரசுப் பணியில் இல்லாத உறவினர். காண்டிராக்டர் அரசுப் பதிவு பெற்றவர், அதனால் தங்களுக்கு முன்னால் வந்தார். இதை அன்றைக்கே யாராவது கேட்டிருந்தால் விதியைக் காட்டியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. தாங்களும் கடலில் இன்ஜின் நின்றுவிட்டது, வர முடியவில்லை என்று சொல்லி அனுப்பினீர்கள். தட்டை எழிலரசன் கொண்டுவந்து கொடுத்தார், பிள்ளைச்சாவடி ஆள் யாரோ கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் வரிசை வருகிறது, தாங்கள் வருவதில்லை, கேட்டால் இன்ஜின். ஒரு இன்ஜின் இத்தனை வருஷம் ரிப்பேராக இருக்குமா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இங்கே ஒரு சட்டச்சிக்கலைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். கதையில் வருகிற மாமன் டீக்கடை வரை வந்தான். தாங்கள் அன்றைக்குக் கடலில் இருந்தீர்கள், தாங்களே சொன்னது. ஆகவே அந்த மாமன் தாங்களாக இருக்க முடியாது, கோபப்பட முகாந்திரமே இல்லை. அப்படியில்லை, தாங்கள் டீக்கடை வரை வந்தது உண்மைதான் என்றால், நான் மேலே எழுதிய இன்ஜின் வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். எழிலரசனிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். “எனக்கு என்ன சார் தெரியும், டீ ஆறுது” என்றார்.

தாங்கள் திட்டிய அன்றே கதையை எடுத்துவிட்டேன். எடுத்தது தப்பாகப் போயிற்று. எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தவர்கள் எல்லாம் மற்றவர்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் போடுகிறார்கள், விழுப்புரம் பஸ்ஸில் ஒருவர் கேட்டாராம். அந்த அண்ணன் அப்புறம் வந்தாரா இல்லையா என்று பாரீஸ் மதாம் தினமும் கேட்கிறார். எனவே தங்கள் மானத்தைக் காப்பாற்றுவதற்காக நானே என் குரலில் ஒரு மறுப்பு பதிவு செய்து வெளியிட்டேன். அதன் வாசகம்: “மேற்படி கதையில் வரும் தாய்மாமன், பிள்ளைச்சாவடி மீனவர் திரு. இராமதாஸ், தகப்பனார் பெயர் வேலாயுதம், அல்ல அல்ல என்று இதன்மூலம் பொதுமக்களுக்கு அறிவிக்கப்படுகிறது.”

பெயரும் ஊரும் போடாமல் மறுப்பு எப்படிச் செல்லும்? யாரென்றே சொல்லாமல், அவர் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் ஜனங்கள் அதைச் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை. கதையை விட மறுப்பை அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். பாகூரிலிருந்து ஒரு குடும்பம் வேன் வைத்துக்கொண்டு, வாழைத்தாரோடு தங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, பழசை மனதில் வைத்துக்கொள்ளாமல் தங்கச்சி வீட்டுக்குப் போய் வரும்படி தங்கள் கையைப் பிடித்துக் கேட்டதாக அறிந்தேன். அந்த அம்மாள் அழுததாகவும் தாங்கள் பின்பக்கமாகக் கடற்கரைக்குப் போய்விட்டதாகவும் சிலம்பரசன் சொன்னான். இதற்காக நான் வருந்துகிறேன். வாழைத்தாரை அவர்கள் திரும்ப எடுத்துப் போகவில்லை என்று நினைக்கிறேன்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் புதிய பேனர் மாதிரி தயாராகிவிட்டது. இந்தத் தடவை பணிமூப்பு கிடையாது. உச்சியில் தாங்கள் ஒருவர் மட்டும், கண் திறந்தபடி, ஆளுயரத்துக்கு. மாப்பிள்ளை படம் தங்கள் தோளுக்குக் கீழே வருகிறது, கடலூர்க்காரர்கள் ஏதாவது சொன்னால் பார்த்துக்கொள்கிறேன். பேனர் கடைக்காரர், இவர் யாரு சார், தேர்தலில் நிற்கிறாரா என்று கேட்டார். என் மகளின் தாய்மாமன் என்றேன். 

எனக்குப் புரியாதது ஒன்றுதான். வீட்டில் நானும் வினோதாவும் இப்படிக் கலங்கிக்கொண்டிருக்கிறோம், சாந்தி மட்டும் ஒன்றும் நடக்காதது மாதிரி இருக்கிறாள். ஆரத்தித் தட்டைப் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டாள். தங்களுக்குப் பட்டு வேட்டி எடுத்துவிட்டாள், சுலோசனா அக்காவிடம் அளவு கேட்டு சட்டை தைக்கக் கொடுத்துவிட்டாள். உன் அண்ணன் வரமாட்டேன் என்று சொன்னாரே, யாருக்குச் சட்டை என்றேன். வருவார் என்றாள். எதை வைத்துச் சொல்கிறாய் என்றால் வேட்டியை எடுத்துப் பீரோவில் வைக்கிறாள். ஆனால் சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனால் அரை மணி நேரம் கீழே இறங்குவதில்லை, தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்காகவாவது வாருங்கள், மச்சான். நான் எழுதுகிற கதை எதையும் இனிமேல் யாரும் கேட்க வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன், அந்த மதாமிடமும் சொல்லிக்கொள்கிறேன். தாங்கள் வந்தால் போதும்.

மூத்தவர் என்ற முறையில் தங்களுக்கும் அக்காவுக்கும் எங்கள் மூவரின் நமஸ்காரம். சிலம்பரசனுக்கு என் ஆசீர்வாதம், பெரியவர் பாவாடையைக் கேட்டதாகச் சொல்லவும். அறுந்த வலைக்கு வருத்தம் தெரிவித்து, தங்கள் வருகையை எதிர்நோக்கி,

தங்கள் மாப்பிள்ளை,
சுப்பராயன்.

இணைப்பு: ‘கரை திரும்பாத கலம்’, சான்றொப்பமிட்ட நகல்.

பி.கு.: அண்ணே, சாந்தி எழுதறேன். கவர ஒட்டி வையின்னு குடுத்துட்டு அவரு டீக்கடைக்குப் போயிருக்காரு. அவரு மேல கோவப்படாத. அவரு எழுதுன கதையில நீ இல்ல, கப்பல்தான் இருக்கு. நான் சொன்ன கதையில இருக்கறது நீதான். போன் ஒண்ணும் திருத்தல, எழிலரசனும் ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு நீ வரியான்னு பாக்கத்தான் மாடி ஏறினேன். நீ வண்டிய நிறுத்தனதப் பாத்தேன், பேனரயே பாத்துக்கிட்டு நின்னதப் பாத்தேன், துண்ட அவுத்து அவுத்துக் கட்டனதயும் பாத்தேன். அண்ணேன்னு கூப்பிட வாய் வரைக்கும் வந்துச்சு. கூப்ட்டா, திரும்பிப் போனத நான் பாத்துட்டேன்னு உனக்குத் தெரிஞ்சிடும், அப்புறம் வெக்கப்பட்டுக்கிட்டு எப்பவுமே வரமாட்டியோன்னு சும்மா இருந்துட்டேன். சும்மா இருந்தும் நீ வரல. நீ இன்ஜினுன்னு சொன்னே, நானும் இன்ஜினுன்னே எல்லாருக்கும் சொன்னேன். யார்கிட்டயும் வாய் தொறக்கல. அந்த ரூம்ல போர்வையப் போத்திக்கிட்டுத் தனியா பேசறப்ப அதுவா வந்துடுச்சு. கேட்டவங்க எல்லாம் அந்தத் தங்கச்சி பாவம்னு சொன்னாங்க. பாரீஸ்காரம்மா மட்டும், அந்த அண்ணந்தான் பாவம், பட்டுச் சட்ட போட்டுக்கிட்டு அவ்ளோ தூரம் வந்தாரேன்னு சொன்னாங்க. எனக்கும் அப்பிடித்தான்.

பேனர் வேணாம்னு கடையில சொல்லிட்டேன், அவருக்கு இன்னும் தெரியாது. நலங்கு அன்னிக்கு நான் மாடியில நிக்க மாட்டேன். ஆரத்தித் தட்ட எடுத்துக்கிட்டு எழிலரசன் கடையில வந்து உக்காந்திருப்பேன். டீ குடிச்சிட்டு ரெண்டு பேரும் சேந்தே வீட்டுக்கு நடந்து வரலாம்.